மீன் தொட்டது விரலுக்குத் தெரிய வேண்டும்! நடுத்தர விலையில் பாஸ் தூண்டில் வாங்குவது எப்படி?

நம்மூர்க் குளக்கரையில் தூண்டில் போடுபவருக்குத் தக்கை போதும். மண்புழுவை மீன் கவ்வியதும் தக்கை அமிழும்; சுண்டி இழுத்தால் மீன் கரையில். அமெரிக்காவின் ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்பவருக்கு இந்த வசதி பெரும்பாலும் கிடையாது. அவர் முள்ளில் மாட்டியிருப்பது புழு அல்ல. புழுவைப்போல வார்த்த மெத்தென்ற பிளாஸ்டிக். பாஸ் மீன் அதைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். 'இது தீனி இல்லை' என்று தெரிந்த மறுகணமே துப்பிவிடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் விரலுக்குச் சேதி வந்து சேர வேண்டும். அதைக் கொண்டுவருவது கையில் இருக்கும் கோல்தான்.

அப்படியொரு கோல் 40 டாலருக்கும் கிடைக்கிறது, 500 டாலருக்கும் கிடைக்கிறது. ஏறக்குறைய 100 முதல் 200 டாலர் வரை உள்ளவற்றை நடுத்தர விலை என்று சொல்லலாம். வீட்டுச் செலவு போக மிச்சம் பிடித்து ஒரே ஒரு கோல் வாங்க நினைப்பவர், கடையில் வரிசையாகச் சாத்தி வைத்திருக்கும் நூறு கோல்களுக்கு முன்னால் எதைப் பார்த்து முடிவெடுப்பது?

உஷாரான மீனுக்கு நயமான தூண்டில்

லார்ஜ்மவுத், ஸ்மால்மவுத் என்ற இரண்டு பாஸ் வகைகளும் வட அமெரிக்காவின் நன்னீர் மீன்கள். சாப்பாட்டுக்காக என்பதைவிட விளையாட்டுக்காகவே இவற்றைப் பிடிப்பவர்கள் அதிகம். பிடித்த கையோடு தண்ணீரில் விட்டுவிடுவது வழக்கம். தடித்த நரம்பு, கனத்த இரை, முரட்டுக் கோல் என்று புதருக்குள்ளிருந்து மீனை இழுத்தெடுப்பது ஒரு பாணி. ஆனால், தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தாலோ, தினமும் தூண்டிலைப் பார்த்துப் பார்த்து மீன்கள் உஷாராகிவிட்டாலோ அந்த முரட்டு வேலை பலிக்காது. அங்கே கைகொடுப்பதுதான் 'ஃபினெஸ்'. நயமாகப் பிடிப்பது என்று வைத்துக்கொள்ளலாம். இரை சிறியது, நரம்பு மெல்லியது, அசைவு மிகக் குறைவு.

டென்னசியைச் சேர்ந்த சார்லி ப்ரூவர், சின்னஞ்சிறு பிளாஸ்டிக் இரையை எந்த வித்தையும் காட்டாமல் மெதுவாகச் சுற்றி இழுக்கும் முறையை 1970-களில் பிரபலமாக்கினார். கான்சஸைச் சேர்ந்த எழுத்தாளர் நெட் கேடியின் பெயரால் வழங்குவது 'நெட் ரிக்'. காளான் குடை வடிவில் ஒரு குட்டி ஈயத் தலை, அதன் பின்னால் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான். முள்ளை மேலே கட்டி, ஈயத்தைக் கீழே தொங்கவிடும் 'டிராப் ஷாட்' முறை ஜப்பானில் வளர்ந்து, 1990-களின் இறுதியில் கலிஃபோர்னியாவுக்கு வந்தது. ஜப்பானில் பாஸ் மீன் கால்வைத்ததே 1925-ல், ஆஷி ஏரியில் கொண்டுபோய் விட்டபோதுதான். இன்று அங்கே அது உள்ளூர் மீன்களுக்கு ஆபத்தான அந்நிய இனம் என்று சட்டப்படி பட்டியலிடப்பட்டிருப்பது தனிக்கதை.

இவற்றுக்கெல்லாம் பொதுவான சங்கதி, எடை. நெட் ரிக்கின் தலை பெரும்பாலும் 2 முதல் 3 கிராம். நம்முடைய ஒரு ரூபாய் நாணயத்தைவிட லேசு. அதைத் தூரமாக எறியவும் வேண்டும், பதினைந்தடி ஆழத்தில் அது கல்லைத் தொடுகிறதா, சேற்றைத் தொடுகிறதா, மீன் வாயில் இருக்கிறதா என்று உணரவும் வேண்டும். முரட்டுக் கோலால் இரண்டும் முடியாது.

கோலில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

கைப்பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில் நான்கைந்து விவரங்கள் அச்சிட்டிருப்பார்கள். விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது அதைத்தான்.

முதலாவது 'பவர்'. கோலை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது இது. ஃபினெஸ் வேலைக்கு மீடியம் லைட் அல்லது மீடியம். இரண்டாவது 'ஆக்‌ஷன்'. கோல் எந்த இடத்தில் வளைகிறது என்பது இது. நுனிப்பகுதி மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட். நுனியின் கடைசிப் பகுதி மட்டும் வளைந்தால் எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட். இந்த இரண்டில் ஒன்று போதும். பாதிக் கோலும் வளைகிற மாடரேட் வகை வேறு வேலைக்கானது. இந்த இரண்டு சொல்லையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பவர் பலம், ஆக்‌ஷன் வளைவு.

மூன்றாவதுதான் முக்கியம். எத்தனை எடையுள்ள இரைக்கு இந்தக் கோல் என்ற அளவு. ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொரு நிறுவனத்தின் மீடியம் லைட்டாக இருக்கும். இதற்குப் பொது அளவுகோல் கிடையாது. அதனால் பெயரை நம்பாமல் எண்ணை நம்ப வேண்டும். 1/16 முதல் 3/8 அவுன்ஸ் என்று இருந்தால், கிட்டத்தட்ட 2 முதல் 10 கிராம். நெட் ரிக்கும் டிராப் ஷாட்டும் இதற்குள் அடங்கிவிடும். நீளம் ஆறே முக்கால் அடியிலிருந்து ஏழேகால் அடிக்குள் இருக்கலாம். ஏழடி எல்லாவற்றுக்கும் பொது.

மீடியம் லைட்டா, மீடியமா? முள் எப்படி இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்கலாம். முள்முனை வெளியே தெரியும்படி மாட்டுகிற நெட் ரிக், டிராப் ஷாட் போன்றவற்றுக்கு மீடியம் லைட். செடிகொடியில் சிக்காமலிருக்க முனையைப் பிளாஸ்டிக்குக்குள் ஒளித்து மாட்டுகிற முறைகளுக்கு மீடியம். அந்தப் பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு முள் மீனின் தாடையில் ஏறக் கொஞ்சம் பலம் வேண்டும் அல்லவா!

காசு எங்கே போகிறது?

ஒரு காலத்தில் கோல்கள் மூங்கிலில் இருந்தன. பிறகு ஃபைபர் கிளாஸ் வந்தது. 1970-களில் கார்பன் இழைக் கோல்கள் விற்பனைக்கு வந்தன. அதே விறைப்பைக் குறைந்த எடையில் தருவது கார்பனின் சிறப்பு. எடை குறையக் குறைய நுனியில் ஏற்படும் சின்ன அதிர்வும் கைக்குத் தெளிவாக வருகிறது. மலிவான கோலில் கண்ணாடி இழை கலந்திருக்கலாம், அல்லது கார்பன் தடிமனாக இருக்கலாம். அதிர்வு வழியிலேயே மங்கிவிடும்.

40 டாலரிலிருந்து 120, 150 டாலருக்குப் போகும்போது கிடைக்கும் வித்தியாசம் புதிதாகக் கோல் பிடிப்பவருக்கும் தெரியும். கோல் லேசாகும், நரம்பு ஓடும் வளையங்கள் தரமாக இருக்கும், ரீல் உட்காரும் இடம் ஆடாது. 150-லிருந்து 400-க்குப் போகும்போது கிடைப்பது இன்னும் சில கிராம் எடைக்குறைவும் இன்னும் கொஞ்சம் கூர்மையான உணர்வும். வாரத்தில் ஐந்து நாள் ஏரியில் இருக்கும் போட்டியாளருக்கு அது பெறும். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போகிறவருக்கு? விரலுக்கேற்ற வீக்கம் போதும்.

இன்னொன்றும் உண்டு. விறைப்பு அதிகமான உயர்ரக கார்பனைப் பெரும்பாலும் மெல்லிய சுவராகச் சுற்றுவார்கள், அடிபட்டால் தாங்காது. நடுத்தர விலைக் கோல் பல நேரங்களில் கொஞ்சம் முரட்டுத்தனத்தையும் பொறுத்துக்கொள்ளும். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்வது நல்லது.

கடையில் ஐந்து நிமிடம்

ஏற்கெனவே ரீல் இருந்தால் அதையும் எடுத்துச்செல்ல வேண்டும். கோலில் மாட்டி, ரீலுக்குச் சற்று முன்னால் ஒற்றை விரலில் தாங்கிப் பார்க்கலாம். நுனி தொபுக்கென்று கீழே சாய்ந்தால், நாள் முழுக்க அதைத் தூக்கிப் பிடிப்பது மணிக்கட்டுதான். டிராப் ஷாட்டில் கோல் நுனியை ஓயாமல் உயர்த்தியே வைத்திருக்க வேண்டும் என்பதால், இது வெறும் சௌகரியப் பிரச்னை இல்லை. கை வலித்தால் கவனம் போகும். கவனம் போனால் மீன் போகும்.

அடுத்து, கைப்பிடிப் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் நோக்கினால் வளையங்கள் எல்லாம் நேர்கோட்டில் தெரிய வேண்டும். காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுழற்றிப் பார்க்கலாம். பஞ்சு இழை எங்காவது மாட்டினால் அங்கே கீறல் இருக்கிறது. மெல்லிய நரம்பை அது அறுத்துவிடும். கோலை லேசாக உதறினால், நுனியின் ஆட்டம் சட்டென்று அடங்க வேண்டும். நுனியைக் கையால் பிடித்து வில்லாக வளைத்துப் பார்ப்பது மட்டும் கூடாது. ஏரியில் மீன் இழுத்து உடையாத கோல் கடையில் இப்படி உடைந்துபோகும்.

கோலுக்கே எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள்

கையில் 250 டாலர் இருக்கிறது என்றால், அத்தனையையும் கோலுக்கே கொடுப்பது கெட்டிக்காரத்தனம் அல்ல. சாதாரண நைலான் நரம்பு ரப்பர்போல நீளும். எவ்வளவு நல்ல கோலாக இருந்தாலும் சேதியை அந்த நீட்சி விழுங்கிவிடும். அதனால் ஃபினெஸ் பிடிப்பவர்கள், அநேகமாக நீளவே நீளாத பின்னல் நரம்பை ரீலில் சுற்றி, அதன் முனையில் தண்ணீருக்குள் எளிதில் கண்ணில் படாத ஃப்ளோரோகார்பன் நரம்பைச் சில அடிகள் முடிந்துகொள்கிறார்கள். பின்னல் 10 பவுண்டு, முனை நரம்பு 6 முதல் 8 பவுண்டு என்பது பரவலான கணக்கு. 2500 அளவு ஸ்பின்னிங் ரீல் ஒன்று, பிரேக் வழுவழுப்பாக விட்டுக்கொடுக்கும்படி இருந்தால் போதும். 130 டாலர் கோல், அதற்கேற்ற ரீல், நல்ல நரம்பு என்று அமைந்தால், 250 டாலர் கோலில் மட்ட நரம்பைக் கட்டியவரைவிட அதிகச் சேதி இவருக்கு வரும்.

மீனின் உயிரும் கணக்கில் உண்டு

மெல்லிய நரம்பு என்பதற்காக, தொட்டாலே துவளும் கோலை வாங்குவது இன்னொரு தவறு. அப்படிப்பட்ட கோலில் மீனை அடக்கவே முடியாது. நெடுநேரம் போராடிய மீன் களைத்துப்போகும். கோடையில் தண்ணீர் சூடேறி, அதில் ஆக்ஸிஜன் குறைந்திருக்கும் நாள்களில், விட்ட பிறகும் அது பிழைக்காமல் போகலாம். நீந்திப் போய்விட்டது என்று நாம் நினைப்போம். ஆழத்தில் அது செத்துக்கொண்டிருக்கும். நுனி மெதுவாகவும் அடிப்பகுதி பலமாகவும் உள்ள ஃபாஸ்ட் கோல், தொட்டதையும் சொல்லும். மீனைச் சீக்கிரம் கரைக்கும் கொண்டுவரும். உணர்வுக்காகத் தேர்ந்தெடுக்கும் கோல் மீனுக்கும் நல்லதாக அமைவது இப்படித்தான்.

பத்து டாலர் கணக்கு

கோல்கள் பலவும் உடைவது மீனால் அல்ல. கார் கதவு, வீட்டு மின்விசிறி, மீனைக் கரையேற்றும்போது கோலைத் தலைக்குப் பின்னால் சாய்த்துத் தூக்குவது ஆகியவையே காரணம். வாங்கும்போதே உத்தரவாதச் சீட்டில் எதற்கு மாற்றித் தருவார்கள், எதற்குத் தர மாட்டார்கள், அனுப்பும் செலவு யாருடையது என்பதைப் படித்துவிட வேண்டும். மீன்பிடி உரிமமும் மறக்கக் கூடாதது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு கோலிலும் ஏரிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1950-ல் வந்த டிங்கெல்-ஜான்சன் சட்டத்தின்படி, மீன்பிடிக் கருவிகள் மீது உற்பத்தியாளரிடம் வசூலிக்கப்படும் வரி, மீன்வளத்தைக் காப்பதற்காக மாநிலங்களுக்குப் போகிறது. கோலுக்கு அந்த வரி 10 சதவிகிதம். ஆனால், எவ்வளவு விலை உயர்ந்த கோலானாலும் 10 டாலருக்கு மேல் கிடையாது. ஆயிரம் டாலர் கோல் வாங்கினாலும் ஏரிக்குப் போய்ச் சேருவது அந்தப் பத்து டாலர்தான். மீதிப் பணத்தை நல்ல நரம்புக்கும், இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகளின் பெட்ரோலுக்கும் வைத்துக்கொள்ளலாம். எத்தனை விலை கொடுத்தாலும், ஏரிக்கரையில் அடிக்கடி நிற்காத விரலுக்கு மீன் தொட்டது தெரியப்போவதில்லை.