தூங்காத டாக்டரின் கணக்கு

அரசு மருத்துவக் கல்லூரியில் 'அட்மிஷன் டே' என்றாலே பி.ஜி. மாணவர்களுக்கு வயிற்றைப் பிசையும். காலையில் வார்டுக்குள் நுழைந்தால், அன்று வந்து சேரும் நோயாளிகள் எல்லாரும் அவர்கள் யூனிட்டின் பொறுப்பு. இரவெல்லாம் கேஸ் ஷீட், ரத்த வங்கி, அவசர ஆபரேஷன். விடிந்தால் சீஃப் ரவுண்ட்ஸ், அது முடிந்தால் ஓ.பி. ஹாஸ்டல் கட்டிலில் சாயும்போது சில நாள் 36 மணி நேரம்கூடக் கடந்திருக்கும்.

அப்படி விழித்திருப்பவரின் மூளை எந்த நிலையில் இருக்கும்? ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-இல் ஒரு சோதனை செய்தார்கள். 24 மணி நேரம் தூங்காதவரின் கண்-கை ஒருங்கிணைப்பு, 100 மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய 100 மில்லிகிராம் மது கலந்தவருடைய அளவுக்குக் குறைந்துவிடுவதாகத் தெரிந்தது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 30 மில்லிகிராம். வண்டி ஓட்டுபவரை ஊதச் சொல்லிப் பிடிக்க ஆள் இருக்கிறது. ஊசி போடுபவரிடம் "கடைசியாக எப்போது தூங்கினீர்கள்?" என்று கேட்க யாருமில்லை.

நியூயார்க்கில் ஒருவர் கேட்டார். 1984 மார்ச்சில் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண், காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்துபோனார். அந்த இரவில் அவரைக் கவனித்தவர்கள் பயிற்சி டாக்டர்கள். அவர்கள் கையில் வேறு பல நோயாளிகளும் இருந்தார்கள். லிபியின் அப்பா சிட்னி சயான் பத்திரிகையாளர், விடவில்லை. வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி டாக்டர்களை வேலை வாங்கக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் 1989-இல் விதி போட்டது. 2003-இல் அது அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. ஷிப்ட்டைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. நீண்ட ஷிப்ட்டை அனுமதித்த இடங்களில் நோயாளிகளின் இறப்பு கூடவில்லை என்று பிந்தைய பெரிய ஆய்வுகள் காட்டின. ஒரு டாக்டர் நோயாளியைக் கைமாற்றி இன்னொருவர் ஏற்கும்போதும் தகவல்கள் தவறிப்போகின்றன. ஆனால் நோயாளி பிழைத்தார் என்பதால் டாக்டரும் நன்றாக இருக்கிறார் என்று ஆகிவிடாது.

டாக்டருக்கு நேர்வதைத்தான் 'பர்ன்அவுட்' என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் இதை ஒரு நோயாகக் கருதவில்லை. வேலையால் விளையும் நிலை என்றே வகைப்படுத்துகிறது. உடலும் மனமும் வற்றிப்போகும். செய்வதெல்லாம் வீண் என்று தோன்றும். நோயாளி மேல் ஒட்டுதல் அறுந்துபோகும். பெயர் மறந்து "அஞ்சாம் பெட் லிவர் கேஸ்" மட்டும் நினைவில் நிற்கும். வெளியிலிருந்து பார்ப்பவர் இதைத் திமிர் என்பார்.

இந்தியாவில் விதியே இல்லையா என்றால், இருக்கிறது. இளநிலை ரெசிடென்ட் டாக்டர்களுக்கு, அதாவது பி.ஜி. மாணவர்களுக்கு, வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மிகாமல் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 1992-லேயே உத்தரவு போட்டுவிட்டது. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-இல் தந்த அறிக்கையின்படி, அதன் கணக்கெடுப்பில் பங்கேற்ற பி.ஜி. மாணவர்களில் சுமார் 45 சதவீதம் பேர் வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் உழைப்பதாகச் சொன்னார்கள். ஏறத்தாழ 31 சதவீதம் பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். எம்.பி.பி.எஸ். மாணவர்களில் அது 16 சதவீதம். பணிக்குழு பரிந்துரைத்த உச்சவரம்பு 74 மணி நேரம், வாரம் ஒருநாள் விடுமுறை. பழைய உத்தரவைவிட 26 மணி நேரம் அதிகம். அதையே முன்னேற்றம் என்று வரவேற்க வேண்டிய நிலை.

புகார் சொல்லலாமே? தீசிஸில் கையெழுத்துப் போடும் கைடு, ட்யூட்டி போடும் துறைத்தலைவர், செய்முறைத் தேர்வில் எதிரே அமரும் பேராசிரியர் எல்லாம் ஒரே வட்டம். மனநல மருத்துவரைப் பார்க்கலாமே என்றால், அவரும் அதே கல்லூரியின் ஆசிரியர், ஓ.பி. வரிசையில் வகுப்புத் தோழனே நிற்பான். அமெரிக்காவிலும் டாக்டர்களுக்கு இந்தத் தயக்கம் உண்டு; மனநலச் சிகிச்சை எடுத்தால் உரிமம் போய்விடும் என்ற பயம். நியூயார்க்கின் அவசரச் சிகிச்சை மருத்துவர் லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில், கொரோனா முதல் அலையின்போது, தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மருத்துவர்களின் மனநலத்துக்கு நிதி ஒதுக்கும் சட்டம் அவர் பெயரிலேயே 2022-இல் வந்தது. இங்கே பெயர் சொல்லாமல் பேச 14416 என்ற டெலி-மானஸ் எண் இருக்கிறது. டாக்டர்களும் அழைக்கலாம்.

ஆனால் சிக்கலின் வேர் ஆள் கணக்கில் இருக்கிறது. ஒரு வார்டில் எந்நேரமும் ஒரு டாக்டர் இருக்க வேண்டுமானால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஆளுக்கு 48 மணி நேரம் என்றால் மூன்றரைப் பேர் வேண்டும். 84 மணி நேரம் என்றால் இரண்டு பேர் போதும். பி.ஜி. மாணவருக்குக் கொடுப்பது உதவித்தொகை. கூடுதல் டாக்டர் என்றால் புதுப் பணியிடம், முழுச் சம்பளம். அமெரிக்காவில் விதி இறுகியபோது, இரவு மட்டும் பார்க்கும் டாக்டர்களையும் மருத்துவ உதவியாளர்களையும் பல மருத்துவமனைகள் சம்பளம் கொடுத்து நியமித்தன. இங்கே அந்த வேலையும் பெரும்பாலும் பி.ஜி. மாணவர் தலையில்தான்.