கிழிந்த தசை ஆறுவது எப்படி?

தொடையின் பின்தசை கிழிந்த நிலையில் வருவோர் எம்மிடம் முதலில் கேட்பது, "எப்போது பழையபடி ஓடலாம்?" என்பதே. அதற்கான விடை தசைக்குள்ளேயே இருக்கிறது.

காயம்பட்ட இடத்துக்கு வெள்ளணுக்கள் விரைந்து வந்து சிதைந்த பகுதிகளை அகற்றுகின்றன. அவ்வேளையில் வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்கள் அங்கு வெளிப்படுகின்றன. தசை இழைகளின் மேற்பரப்பில் துணைச் செல்கள் உறங்கிக் கிடக்கின்றன. அலெக்சாண்டர் மௌரோ 1961-இல் விவரித்த செல்கள் இவை. கல்லீரல் செல் வளர்ச்சிக் காரணி இவற்றை எழுப்புகிறது. இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-1 இவை பெருகிப் புதிய இழைகளாக இணையத் துணைபுரிகிறது. டி.ஜி.எஃப்.-பீட்டா என்னும் காரணியோ இணைப்புத் திசுவை உருவாக்கிக் கிழிசலைப் பிடித்து நிறுத்துகிறது. அது அளவு மீறினால் விறைத்த வடு தங்கிவிடும்.

எனவேதான் முதல் சில நாள்கள் ஓய்வையும், பின்னர் வலி மிகாத அளவில் படிப்படியான பயிற்சியையும் பரிந்துரைக்கிறோம். அளவான அசைவு புதிய இழைகளை உரிய திசையில் ஒழுங்குபடுத்துகிறது. தொடக்க நாள்களில் எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவிவிடுதல் இளம் திசுவைப் புண்படுத்தக்கூடும். வலி குறைந்தது மட்டுமே தசை வலுப்பெற்றதற்கு அடையாளமன்று. இயன்முறை மருத்துவர் இசையும்வரை ஓட்டமும் பாரம் தூக்குதலும் வேண்டா; இதனை வீட்டாரும் அன்புடன் நினைவூட்ட வேண்டுகிறோம்.