பாட்டுப் பெட்டி வாங்குவோர் கவனத்துக்கு

5,000 பாட்டுக்களை ஒரே நாளில் விலைக்கு வாங்கிவிடலாம். அவற்றில் நம் வீட்டுக்கு வேண்டிய ஐம்பதைத் தேர்ந்தெடுக்கத்தான் பல நாள் ஆகும். செங்கற்பட்டுக் கடைவீதிக்குப் பாட்டுப் பெட்டி வாங்கப் புறப்படும் குடும்பஸ்தர்கள் இதை முதலில் மனத்தில் கொள்வது நலம்.

இப்பொழுது பல வீடுகளில் காணப்படும் 'கேரவான்' என்னும் பெட்டியை 'சரிகம' கம்பெனியார் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். பார்வைக்கு அந்தக் காலத்து ரேடியோ. உள்ளே 5,000 பாட்டுக்கள். தமிழுக்கென்று தனிப் பெட்டியும் உண்டு. இந்தக் கம்பெனி புதியதன்று. குழாயின் முன் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும் நாயின் சித்திரத்தோடு நம் பாட்டனார் காலத்தில் இசைத்தட்டு விற்ற பழைய கிராமபோன் கம்பெனியேதான்.

1902-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகி இசைத்தட்டுக்காகப் பாடினார். தட்டின் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷந்தான். மணிக்கணக்கில் ராக விஸ்தாரம் செய்யும் வித்வான்களும் அந்த மூன்று நிமிஷத்துக்குள் தங்கள் வித்தையை அடக்கிக்கொண்டார்கள். இன்றோ, விரல் நகத்தளவுள்ள 16 ஜிபி மெமரி கார்டில் சாதாரண எம்.பி.3 பாட்டுக்கள் ஏறக்குறைய 4,000 அடங்குகின்றன. பழைய தட்டுக்களாயின் அவற்றுக்கு 2,000 தட்டுக்கள் வேண்டும்! அன்று இடம் குறைவு. ஆகையால் எதைப் பாடுவது என்று யோசித்தார்கள். இன்று இடத்துக்குக் குறைவில்லை, யோசிப்பார்தாம் குறைவு.

பெட்டி வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். சத்தத்தை உயர்த்தினாலும் வார்த்தை தெளிவாகக் கேட்கிறதா? பாட்டரி பழுதானால் மாற்ற வழியுண்டா? பென் டிரைவோ மெமரி கார்டோ செருக இடம் இருக்கிறதா? மூன்றாவதே முக்கியம். ஏனெனில், கம்பெனியார் தங்களுக்கு உரிமையுள்ள பாட்டுக்களைத்தான் பெட்டியில் நிரப்பித் தர இயலும். எவரும் தட்டில் பதியாத பாட்டு அதில் எப்படி வரும்?

உதாரணமாக, வலை இழுக்கும்போதும் துடுப்புப் போடும்போதும் மீனவர் பாடும் அம்பாப் பாட்டைச் சொல்லலாம். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏற்றுப் பாட, அந்தத் தாளத்துக்குக் கைகள் ஒன்றாக இயங்கும். கட்டுமரம் போய் இயந்திரம் பூட்டிய ஃபைபர் படகு வந்தது. 2004-ஆம் ஆண்டின் சுனாமிக்குப் பிறகு மாறுதல் இன்னும் வேகமாயிற்று. இயந்திரத்துக்குத் தாளம் தேவையில்லை. மாமல்லபுரத்தை அடுத்த குப்பங்களிலிருந்து நம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளைக் கேட்டால், "தாத்தாவுக்குத் தெரியும், சார், எங்களுக்குத் தெரியாது" என்கிறார்கள்.

தாலாட்டும் நலுங்குப் பாட்டும் நம் வீடுகளில் இதே நிலையில்தான் இருக்கின்றன. பாட்டிமார் குரலோடு அவையும் ஓய்ந்துவிடும். கையிலிருக்கும் டெலிபோனே அவற்றைப் பதிவு செய்யப் போதும். காற்றும் மின்விசிறியும் இரையாத இடத்தில் அவர்களை உட்கார வையுங்கள். சம்மதம் கேட்டு, பாடுபவர் பெயர், ஊர், தேதி இவற்றை முதலில் சொல்லச் செய்து, பிறகு பாடச் சொல்லுங்கள். ஒரு பிரதியைப் பாடியவர் வீட்டுக்கும் கொடுங்கள்.

சினிமாப் பாட்டும் கச்சேரியும் தாராளமாக இருக்கட்டும். அவை நாளைக்கும் கடையில் கிடைக்கும். கடையில் கிடைக்காத பாட்டுக்களை முதலில் பெட்டியில் சேர்த்துவிடுங்கள்.