நோயாளியைப் பார்க்கப் போறீங்களா? முதல்ல கை கழுவுங்க!

கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ, சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ சொந்தக்காரரைப் பார்க்கப் போகிறீர்களா? பழம், பிரெட்டோடு கிருமியையும் கொண்டுபோய்விடாதீர்கள். ஆபரேஷன் புண், சலைன் ஊசி, சிறுநீர்க் குழாய் வழியாகக் கிருமி சுலபமாக உடலுக்குள் போய்விடும். அதைப் பெரும்பாலும் சுமந்து வருவது நம் கைகள்தான். 1847-இல் வியன்னா பிரசவ வார்டில், டாக்டர் செம்மல்வெய்ஸ் மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்ததும் தாய்மார்களின் மரணம் வெகுவாகக் குறைந்தது.

நோயாளியைத் தொடும் முன்பும் பின்பும் சோப்புப் போட்டு 40 முதல் 60 விநாடி கழுவுங்கள். கட்டிலில் உட்காராதீர்கள், கட்டுப் போட்ட இடத்தைத் தொடாதீர்கள். உங்களுக்கே சளி, காய்ச்சலா? போனில் நலம் விசாரிங்க, போதும். மஞ்சள், சிவப்புத் தொட்டிகள் மருத்துவக் கழிவுக்கு மட்டும். சாப்பாட்டுப் பொட்டலத்தை அதில் போடாதீங்க. சந்தேகம் இருந்தால் 104-ஐ அழையுங்கள்.