குரல் கற்பித்த பேராசிரியர்



பாட்டுச் சொல்லித் தந்த ஓர் ஆசிரியரைப் பற்றி இன்று நாம் அறிந்துகொள்வோம். அவர் பெயர் டாட் டங்கன். 1903-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். வாஷிங்டன் நகரில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் குரலிசை கற்பித்து வந்தார்.

அவர் பயின்றது ஓப்பரா. கதை முழுவதையும் பாட்டாலேயே நடத்திச் செல்லும் மேடை நாடகம் அது. ஒலிபெருக்கி கிடையாது. பக்கவாத்தியங்கள் அத்தனையையும் தாண்டிப் பாடகரின் குரல் கடைசி வரிசைவரை எட்டவேண்டும். கத்திப் பாடினால் தொண்டைதான் புண்ணாகும். ஆகவே வயிறும் விலாவும் விரிய மூச்சை இழுத்து, அதைச் சிறிது சிறிதாகச் செலவிடப் பழக்குகிறார்கள். நொடிக்கு ஏறத்தாழ 3,000 அதிர்வுகள் கொண்ட பகுதியில் வாத்தியங்களின் ஒலி அவ்வளவு பலமாக இராது. பயிற்சி பெற்ற குரலோ அங்கே ஓங்கி ஒலிக்கும். அதனால்தான் அது தனித்துக் கேட்கிறது.

ஜாஸ் இசையின் வழி வேறு. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை அது. தாளத்திற்குச் சற்று முந்தியும் பிந்தியும் பாடுவார்கள். சுரத்தை வழுக்கி இறக்குவார்கள். நம் பாகவதர்களைப் போல மனோதர்மப்படி மெட்டை வளர்ப்பார்கள். ஒலிவாங்கி வந்தபின், காதருகே பேசுவதுபோல மெல்லவும் பாடினார்கள்.

இந்த இரண்டு வழிகளையும் ஒரே மேடையில் சேர்க்க முயன்றவர் ஜார்ஜ் கெர்ஷ்வின். கறுப்பின ஏழை மக்களின் வாழ்வைச் சொல்லும் 'போர்கி அண்ட் பெஸ்' என்னும் ஓப்பராவுக்கு இசையமைத்தார். அதன் நாயகன் போர்கி, நடக்க இயலாத ஒரு பிச்சைக்காரன். அந்த வேடத்துக்கு டங்கனை அழைத்தார் கெர்ஷ்வின். டங்கனுக்கோ முதலில் மனமில்லை. சினிமா மெட்டுப் போடுபவரிடம் நமக்கென்ன வேலை என்று நம் வித்துவான்கள் சிலர் நினைப்பதுண்டல்லவா? அப்படித்தான் அவரும் நினைத்தார். இசையை முழுவதும் கேட்டபின் மனம் உருகி ஒப்புக்கொண்டார். 1935-இல் நியூயார்க்கில் அரங்கேறிய அந்த வேடத்தை அவர் 1,800 தடவைக்கு மேல் ஏற்றார். அதில் வரும் 'சம்மர்டைம்' என்ற தாலாட்டைப் பின்னாளில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் ஜாஸ் பாட்டாகப் பாடிப் புகழ் பெற்றார்கள்.

1936-இல் நாடகம் வாஷிங்டனுக்கு வந்தது. டங்கன் வாழ்ந்த ஊர் அது. ஆனால் அங்கிருந்த நேஷனல் தியேட்டரில் கறுப்பினத்தார் பார்வையாளராக நுழைய முடியாது. அவர் பாடுவதை அவருடைய சொந்த மாணவர்களே கேட்க இயலாத நிலை! டங்கனும் நாயகியாக நடித்த ஆன் பிரௌனும் பாட மறுத்துவிட்டார்கள். சில பகல் காட்சிகளை மட்டும் ஒதுக்குகிறோம் என்றது நிர்வாகம். மேல் மாடியில் இடம் தருகிறோம் என்றும் சொன்னது. எந்த இருக்கைக்கும் எவரும் சீட்டு வாங்கலாம் என்றால்தான் பாடுவேன் என்று டங்கன் உறுதியாக நின்றார். கடைசியில் நிர்வாகம் இணங்கியது. அந்த நாடகம் முடிந்ததும் பழைய தடை திரும்பியது உண்மைதான். அந்த மேடையில் மீண்டும் நாடகங்கள் எல்லோருக்குமாக நடக்க 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆயினும் முதலில் கதவைத் திறக்கவைத்தவர் ஒரு பாட்டு ஆசிரியரே.

1945-இல் நியூயார்க் சிட்டி ஓப்பராவில், வெள்ளையர் நடுவே, 'பாலியாச்சி' நாடகத்தின் டோனியோவாக டங்கன் பாடினார். அமெரிக்காவின் பெரிய ஓப்பராக் குழுவொன்றில் கறுப்பினப் பாடகர் ஒருவர் பாடியது அதுவே முதல் முறை. பல்கலைக்கழகத்தை விட்ட பின்பும் வீட்டில் மாணவர்களுக்குக் கற்பித்துக்கொண்டே இருந்தார். 1998-இல், தம் 95-ஆம் வயதில் மறைந்தார்.

நேயர்களே, நம் பிள்ளைகள் பாடும்போது கத்திப் பாடச் சொல்லாமல், மூச்சை அறிந்து பாடச் சொல்வோம். அந்தப் பாட்டைக் கேட்க வருபவர் எவராயினும், நம் அருகிலேயே உட்கார இடம் கொடுப்போம்.