அணி யாருக்குச் சொந்தம்?

வெற்றி பெறும் அணிக்குக் கைதட்டுவது எளிது. தோற்கும் அணியின்மேல் ஆண்டுக்கணக்காக அன்பு வைத்து, அதே வேளையில் அவ்வணியின் முதலாளி சொல்லும் ஒரு வார்த்தையையும் நம்பாமல் இருப்பது தனிப்பட்டதொரு மனநிலை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இத்தகைய இரசிகர்களை ஊர்தோறும் காணலாம். தோமையாரைப் போலத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டார்கள். ஆயினும் ஆட்டத்தைப் பாராமல் இருக்கவும் அவர்களால் முடியாது. அவர்களுடைய ஐயங்கள் வெறும் புலம்பல்தானா, அல்லது அவற்றில் நியாயம் உண்டா என்பதைச் சற்று ஆராய்ந்து பார்க்க விரும்புகிறோம்.

முதலில் ஒரு விளக்கம் தேவை. அந்நாட்டார் ஃபுட்பால் என்று கூறுவது நாம் அறிந்த கால்பந்தாட்டமன்று. இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிரணியினரை முட்டித் தள்ளியும் ஆடுவது அது. அவர்களுடைய ஹாக்கியும் நம் தயான்சந்த் புகழ்நாட்டிய புல்தரை ஹாக்கியன்று. இரும்பு அலகு பொருத்திய காலணியுடன் பனித்தளத்தில் சறுக்கிச் சென்று, ரப்பர் வட்டு ஒன்றை மட்டையால் அடிக்கும் ஆட்டம் அது. இரண்டுக்கும் தனித்தனியே தேசிய லீக் உண்டு. இன்று ஒவ்வொரு லீகிலும் 32 அணிகள் ஆடுகின்றன. ஏறத்தாழ எல்லா அணிகளுமே செல்வர்களின் உடைமை. வீட்டையும் நிலத்தையும் போல அவற்றை வாங்கலாம், விற்கலாம், பெயர்த்துக்கொண்டும் போகலாம். ஐயங்கள் பிறப்பது இங்கேதான்.

தோற்றால் முதலாளிக்கு என்ன நட்டம்? இதுவே ஐயுறும் இரசிகர் கேட்கும் முதற் கேள்வி. இங்கிலாந்தில் கடைநிலையில் நிற்கும் கால்பந்து அணி கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும். அமெரிக்காவில் அந்த அச்சமில்லை. கடைசியாக வந்த அணிக்கே அடுத்த ஆண்டு இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை தருகிறார்கள். அதற்கும் மேலாக, ஃபுட்பால் லீகின் தொலைக்காட்சி வருமானம் வென்றவர் தோற்றவர் என்ற வேறுபாடின்றி 32 பங்காகப் பிரிக்கப்படுகிறது. 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி லீகின் பொது வருமானத்திலிருந்து ஓர் அணிக்குக் கிடைத்த பங்கு 40 கோடி டாலருக்குச் சற்று மேல். ஓர் ஆட்டத்தையும் வெல்லாத அணிக்கும் அதே தொகைதான்! முதலாளிமார் தங்கள் கணக்கை வெளியிடுவதில்லையே, இது எவ்வாறு தெரிய வந்தது என்று வாசகர் கேட்கலாம். ஒரே ஓர் அணி மட்டும் ஆண்டுதோறும் கணக்கை வெளியிடுகிறது. அதைப்பற்றிப் பின்னர் கூறுவோம்.

ஹாக்கியில் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணியை எடுத்துக்கொள்வோம். நம் தமிழ்க் குடும்பங்கள் பெருந்தொகையாக வாழும் நகரம் அது. 1967இல் லீகில் ஆறே அணிகள் இருந்த காலத்தில் ஸ்டான்லி கோப்பையை வென்ற அவ்வணி, அதற்குப்பின் 2025 வரை ஒருமுறையேனும் அதைத் தொடவில்லை. ஆனால் அதன் நுழைவுச்சீட்டு லீகிலேயே மிக விலையுயர்ந்தவற்றுள் ஒன்று. அரங்கும் நிரம்பியே வழிகிறது. தகப்பனிடமிருந்து மகனும், மகனிடமிருந்து பேரனும் இந்த ஏமாற்றத்தைப் பரம்பரைச் சொத்தாகப் பெற்று வருகின்றனர். நிறைந்த அரங்கைக் கண்ட முதலாளி எதற்காகத் திருந்த வேண்டும் என்று ஐயுறுவோர் கேட்பதை நம்மால் எளிதில் மறுக்க இயலவில்லை.

நியூ ஆர்லியன்ஸ் நகரத்தார் இதற்கு நகைச்சுவையோடு விடை கண்டனர். கத்தோலிக்கர் நிறைந்த அந்நகருக்கு ஃபுட்பால் அணி அளிக்கப்பட்ட செய்தி 1966 நவம்பர் முதல் நாளில், அனைத்துப் புனிதர் திருநாளன்று, அறிவிக்கப்பட்டது. அணிக்கும் 'புனிதர்கள்' என்றே பெயரிட்டனர். 1980இல் இப்புனிதர்கள் பதினாறு ஆட்டங்களில் பதினைந்தில் தோற்றபோது, இரசிகர்கள் மளிகைக்கடைக் காகிதப் பைகளில் கண்ணுக்குத் துளையிட்டு, தலையில் கவிழ்த்துக்கொண்டு அரங்கில் அமர்ந்தார்கள். வெட்கத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்களாம். ஆனால் வீட்டிலிருந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தோல்வியைச் சிரித்துத் தாங்கிக்கொள்ளலாம். அணியே ஊரைவிட்டுப் போய்விட்டால்?

பால்டிமோர் நகரில் கோல்ட்ஸ் என்னும் ஃபுட்பால் அணி மக்களின் உயிரோடு கலந்திருந்தது. அதன் முதலாளி ராபர்ட் இர்சே, புதிய அரங்கு வேண்டுமென்று நகரத்தோடு பல ஆண்டுகள் பூசலிட்டு வந்தார். பிற நகரங்களோடும் பேரம் பேசினார். அணியைப் பொதுநலன் கருதி அரசே கையகப்படுத்த இடந்தரும் சட்டத்தை மேரிலாந்து மாநிலச் சட்டமன்றம் இயற்ற முனைந்தது. முதலாளி முந்திக்கொண்டார். 1984 மார்ச் 28ஆம் நாள் இரவில், பனி பெய்துகொண்டிருக்க, பார லாரிகள் வரிசையாக வந்து நின்றன. மேசை நாற்காலிகள், தலைக்கவசங்கள், பழைய ஆட்டங்களின் படச்சுருள்கள் எல்லாம் ஏற்றப்பட்டன. பொழுது விடிந்தபோது அணி இண்டியானாபொலிஸ் நகரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பெயரையும் நீல இலாடச் சின்னத்தையும் கூட எடுத்துச் சென்றுவிட்டனர். அவ்வணியின் புகழ்பெற்ற வீரர் ஜானி யூனிட்டஸ், தாம் பால்டிமோர் கோல்ட்ஸ் வீரரேயன்றி இண்டியானாபொலிசுக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று இறுதிவரை கூறிவந்தார்.

எடுத்துச் செல்லப்படாதது ஒன்று உண்டு. அது அணியின் பேண்டு வாத்தியக் குழு. ஊரார் தாமே விருப்பத்தோடு சேர்ந்து வாசித்த குழு அது. அணி போனபின்னும் அவர்கள் கலைந்துவிடவில்லை. ஆடுவதற்கு அணியில்லாத ஊரில், அணிவகுப்புகளிலும் பிற ஊர் ஆட்டங்களிலும், பன்னிரண்டு ஆண்டுகள் வாசித்துக்கொண்டேயிருந்தனர். இதைக் கேட்டுச் சிரிப்பவர் சிரிக்கட்டும். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

1996இல் பால்டிமோருக்கு மீண்டும் ஓர் அணி வந்தது. எங்கிருந்து? கிளீவ்லண்ட் நகரிலிருந்து! ப்ரௌன்ஸ் என்னும் அவ்வூர் அணியின் முதலாளி ஆர்ட் மோடல், 1995 நவம்பர் 6ஆம் நாள், அணியைப் பால்டிமோருக்கு மாற்றப்போவதாக அறிவித்தார். மறுநாளே கிளீவ்லண்டில் வாக்கெடுப்பு. பழைய அரங்கைப் புதுப்பிப்பதற்காக மதுவுக்கும் சிகரெட்டுக்கும் விதித்த வரியை நீட்டிக்கலாமா என்பதே கேள்வி. அணி போகிறது என்று அறிந்தும் மக்கள் பெரும்பான்மையாக 'ஆம்' என்று வாக்களித்தனர். டிசம்பர் 17ஆம் நாள் சொந்த ஊரில் கடைசி ஆட்டம். அதில் வெற்றிதான். ஆனால் இரசிகர்கள் அமர்ந்திருந்த இருக்கைகளையே பெயர்த்து மைதானத்தில் எறிந்தார்கள்.

பால்டிமோரில் கொள்ளைபோனது கொடுமை என்றால், கிளீவ்லண்டிலிருந்து பெற்றுக்கொண்டது என்ன? பன்னிரண்டு ஆண்டு அழுத கண்ணே அயலாரின் கண்ணீரைக் காண மறுத்ததோ? பால்டிமோர் மக்களைக் குறைகூற நாம் முன்வரவில்லை. அணிகளின் எண்ணிக்கையை லீக் அளவோடு நிறுத்தி வைத்திருப்பதால் ஒரு நகரம் பெற வேண்டுமானால் பெரும்பாலும் மற்றொன்று இழக்க வேண்டியிருக்கிறது. நகரங்கள் ஒன்றையொன்று விஞ்சி ஏலம் கேட்பதற்கு ஏற்ற ஏற்பாடு இது. ஓக்லண்டு நகரம் ரெய்டர்ஸ் அணியை 1982இல் இழந்தது. 1995இல் பெருங்கடன் பட்டு அரங்கைப் புதுப்பித்து மீட்டது. 2020இல் அணி லாஸ் வேகாஸ் போயிற்று. அங்கே புதிய அரங்குக்கு 75 கோடி டாலர் பொதுப்பணம், விடுதி அறைகளின்மீது விதித்த வரியிலிருந்து அளிக்கப்பட்டது. அணி போனபின்னும் ஓக்லண்டு மக்கள் பழைய கடனுக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தனர். அரங்கு வந்தால் ஊர் செழிக்கும் என்னும் வாக்குறுதியைப் பொருளியல் அறிஞரிற் பெரும்பாலோர் நெடுநாளாகவே ஏற்பதில்லை. இவ்விடத்தில் ஐயுறுவோர் கட்சியே நம் கட்சியும்.

எனினும் கிளீவ்லண்ட் மக்கள் கைகட்டி நிற்கவில்லை. 1998 வரை அரங்கில் ஆட ஒப்பந்தம் உண்டென்று நகராட்சி வழக்குத் தொடுத்தது; இரசிகர்களின் கண்டனங்கள் லீக் அலுவலகத்தில் குவிந்தன. 1996 பிப்ரவரியில் உடன்பாடு ஏற்பட்டது. வீரர்கள் போகலாம், ஆனால் அணியின் பெயர், நிறம், பழைய வரலாறு யாவும் ஊருக்கே உரியவை, 1999இல் ஊருக்குப் புதிய அணி தரப்படும். சொத்துரிமைக்கு அப்பால் ஊருக்கும் ஓர் உரிமை உண்டு என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது சிறிய காரியமன்று.

ஹாக்கியிலும் இதே கதைதான். கியூபெக் நகரின் அணி 1995இல் டென்வருக்குப் போய், அடுத்த ஆண்டே ஸ்டான்லி கோப்பையை வென்றது. கியூபெக் மக்கள் 2015இல் புதிய அரங்கு ஒன்றைத் திறந்தார்கள். லீக் அவர்களுக்கு அணி தரவில்லை. வின்னிபெக் நகரில் ஜெட்ஸ் அணியைக் காப்பாற்ற 1995இல் பல்லாயிரவர் தெருவில் திரண்டனர். சிறுவர்கள் உண்டியல் காசையும் கொணர்ந்து கொடுத்தனர். பயனில்லை. ஓராண்டில் அணி பாலைநிலமாகிய அரிசோனாவுக்குச் சென்றது. 2011இல் அட்லாண்டாவின் அணி வின்னிபெக்குக்கு வந்தபோது, பொதுமக்களுக்கென விடப்பட்ட பருவச் சீட்டுகள் சில நிமிடங்களில் தீர்ந்தன. அரிசோனா சென்ற அணியோ 2024இல் அங்கிருந்தும் கிளம்பி யூட்டா மாநிலம் போய்ச் சேர்ந்தது. உண்டியலை உடைத்த சிறுவர்கள் அதற்குள் நடுவயதை எட்டிவிட்டனர்.

கணக்கை வெளியிடும் அந்த ஓர் அணி எது என்றால், விஸ்கான்சின் மாநிலத்துக் கிரீன் பே பேக்கர்ஸ். மக்கள்தொகை ஏறத்தாழ ஒரு லட்சமே உள்ள ஊர் அது. 1923 முதல் அவ்வணி பொதுமக்கள் பங்கு சேர்ந்து நடத்தும் சங்கமாக இருந்து வருகிறது. இன்று பங்குதாரர் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர். எவரும் தனியொருவராக ஆதிக்கம் பெறாதபடி வரம்பு உண்டு. அணியை விற்றால் பணம் பங்குதாரர் கைக்கு வராது, அறப்பணிக்கே போய்விடும். ஆகவே, விற்கவேண்டும் என்ற ஆசை எழுவதற்கே வழியில்லை. 1959 முதல் 1967 வரை அதன் பயிற்சியாளராயிருந்த வின்ஸ் லொம்பார்டி, இளமையில் குருத்துவப் படிப்புக்குச் சென்றவர். நாள்தோறும் திருப்பலி காணும் வழக்கமுடையவர். அவர் காலத்தில் ஐந்து முறை அணி வாகை சூடியது. சூப்பர் பவுல் கோப்பைக்கே இன்று அவர் பெயர்.

ஐயுறுவோர் இதையும் விடுவதில்லை. 2021இல் ஒரு பங்கு 300 டாலருக்கு விற்கப்பட்டது. அதற்கு ஆதாயம் இல்லை, இலாபத்துக்கு விற்கவும் முடியாது, இருக்கையும் கிடைக்காது. சுவரில் மாட்டிவைக்க ஒரு காகிதமே கிடைக்கிறது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் பனி கொட்டும் ஓர் இரவில் லாரி வந்து நிற்குமோ என்ற பயம் அவ்வூரில் ஒருவருக்கும் இல்லை. 300 டாலருக்கு அது அதிக விலையென்று நமக்குத் தோன்றவில்லை. அவ்வளவு நல்ல ஏற்பாடென்றால் பிற ஊர்களிலும் செய்யலாமே என்போருக்கு ஒரு செய்தி: லீகின் விதிகள் அதற்கு இடந்தருவதில்லை. கிரீன் பே பழைய வழக்கம் என்பதால் விட்டுவைக்கப்பட்டிருக்கிறது.

கிளீவ்லண்டுக்கு மீண்டும் வருவோம். 1999இல் வந்த புதிய ப்ரௌன்ஸ் அணி, பெயரைக் காப்பாற்றியதே தவிர ஆட்டத்தைக் காப்பாற்றவில்லை. பால்டிமோர் சென்றவர்கள் இருமுறை சூப்பர் பவுலை வென்றார்கள். இவர்களோ 2017இல் ஆடிய பதினாறிலும் தோற்றார்கள். 2018 ஜனவரி 6ஆம் நாள், எலும்பை உறைய வைக்கும் குளிரில், ஆயிரக்கணக்கான இரசிகர்கள் ஊர்வலம் புறப்பட்டனர். அணியைப் பாராட்ட அன்று. அரங்கைச் சுற்றி வட்டமாக நடந்து, பெற்ற வெற்றியின் எண்ணிக்கையாகிய பூஜ்யத்தைத் தெருவிலேயே எழுதிக் காட்டினார்கள். முதலாளியைக் கேலி செய்யும் பதாகைகள் பல. ஏழைகளுக்கு உணவு வழங்கும் நிலையத்துக்கு அன்று நன்கொடையும் சேர்த்தார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 20ஆம் நாள் இரவு, 635 நாட்களுக்குப் பின், 21க்கு 17 என்ற கணக்கில் ப்ரௌன்ஸ் ஓர் ஆட்டத்தை வென்றது. அரங்கு அன்றும் நிறைந்திருந்தது.