கழுகின் வயிற்றில் காயம்!
டாலர் நாணயத்தின் விலையை ஏற்றிய கோடுகள்

அமெரிக்காவில் ஒரு டாலர் நாணயத்தைக் கடையில் நீட்டினால், ஒரு டாலருக்குத்தான் பொருள் கிடைக்கும். ஆனால் அதே ஒரு டாலர் நாணயத்தை ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கவும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

அப்படி என்ன இருக்கிறது அதில்? தங்கமா? இல்லை. 2000-ம் ஆண்டு முதல் வெளிவரும் டாலர் நாணயம் பொன் போல மின்னும். ஆனால் அதில் தங்கம் குன்றிமணி அளவும் கிடையாது. உள்ளே செம்பு, மேலே மாங்கனீசு கலந்த பித்தளை.

விலையை ஏற்றுவது, அச்சு விட்டுச் சென்ற அடையாளம்!

மேடா? பள்ளமா?

நாணயம் அடிக்க இரண்டு எஃகு அச்சுகள் வேண்டும். நடுவில் வட்டமான உலோக வில்லையை வைத்து, எந்திரம் அழுத்துகிறது. ஒரு பக்கம் தலை விழுகிறது. மறு பக்கம் பூ விழுகிறது.

முத்திரையில் குழிவாக உள்ள எழுத்து, அரக்கில் மேடாக விழுகிறது அல்லவா? நாணயமும் அப்படித்தான். அச்சில் ஒரு கீறல் விழுந்தால், அதன் பிறகு அது அடிக்கும் ஒவ்வொரு நாணயத்திலும், அதே இடத்தில், அதே கோடு மேடாக எழும்பும்.

நாணயம் வெளியே வந்த பிறகு ஆணியோ கத்தியோ பட்டால், அது பள்ளமாகத்தான் இருக்கும். மேடு என்றால் அச்சின் வேலை. பள்ளம் என்றால் பிறகு பட்ட அடி. நாணயம் சேகரிப்போரின் முதல் பாடம் இதுதான்.

காயம் பட்ட கழுகு

2000-ம் ஆண்டு டாலரின் ஒரு பக்கத்தில் சகாகவியா என்ற செவ்விந்தியப் பெண்மணியின் உருவம் இருக்கிறது. 1805-ல் பசிபிக் கடலை நோக்கிப் பயணம் செய்த லூயிஸ், கிளார்க் குழுவினருடன் கைக்குழந்தையோடு சென்றவர் அவர். நாணயத்திலும் குழந்தை அவர் முதுகில் தூங்குகிறது.

மறு பக்கத்தில், பறக்கும் கழுகு.

பிலடெல்பியா நாணயச் சாலையில் அடித்த சில நாணயங்களில், கழுகின் வயிற்றின் குறுக்கே மேடான கோடு ஓடுகிறது. ஈட்டி பாய்ந்தது போன்ற தோற்றம்! அச்சில் விழுந்த கீறல் செய்த வேலை இது. "காயம் பட்ட கழுகு" என்றே அதற்குப் பெயர்.

சிற்றுண்டிப் பெட்டியில் டாலர்

அதே 2000-ல், "சீரியோஸ்" என்னும் காலைச் சிற்றுண்டிப் பெட்டிகளுக்குள், விளம்பரத்துக்காகச் சுமார் 5,500 புது டாலர்களைப் போட்டார்கள். 2,000 பெட்டிக்கு ஒன்று வீதம் டாலர் இருந்தது. கிடைத்தவர்கள் மகிழ்ந்தார்கள்.

2005-ல் ஒரு விஷயம் வெளியாயிற்று. அந்தப் பெட்டிகளில் வந்த சில நாணயங்களில், கழுகின் வால் இறகுகள் மற்ற டாலர்களில் இருப்பதை விட மிக நுணுக்கமாக இருந்தன. நடு இறகின் தண்டு எழும்பி நின்றது. மற்ற டாலர்களில் அது குழிந்திருக்கும். முதலில் செய்த அச்சை மாற்றி, வேறு அச்சில் பிறகு அடித்திருக்கிறார்கள்! இன்று அந்த நாணயத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் விலை. விவரம் தெரியாமல் கடையில் ஒரு டாலராகக் கொடுக்கப்பட்டவை எத்தனையோ!

கோவேறு கழுதை!

இன்னொரு நாணயத்தின் கதை இதைவிட வேடிக்கை. அதன் ஒரு பக்கம் கால் டாலர். மறு பக்கம் ஒரு டாலர்! அச்சை மாற்றிப் பொருத்தியதால் வந்த கலப்பு. எனவே "கோவேறு கழுதை" என்று பெயர் வைத்து விட்டார்கள். 2000 மே மாதம் ஆர்க்கன்சா மாநிலத்தில் முதல் நாணயம் கிடைத்தது. ஆகஸ்டில் அது 29,900 டாலருக்கு ஏலம் போயிற்று.

விலை ஏறியதும் போலியும் தலை காட்டும். இரண்டு நாணயங்களைக் குடைந்து, ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்தி, ஒரே நாணயம் போல ஆக்கி விடலாம். எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கேதான் அச்சு சாட்சி சொல்கிறது. உண்மையான கலப்பு நாணயங்கள் மூன்று ஜோடி அச்சுகளால் அடிக்கப்பட்டவை. அந்த அச்சுகளின் வெடிப்பும் கோடும் எங்கெங்கே விழுந்தன என்று குறித்து வைத்திருக்கிறார்கள். அவற்றோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டு விடும். ஒட்டிய நாணயத்தில் விளிம்பின் உட்புறம் மெல்லிய இணைப்புக் கோடும் தெரியும்.

விளிம்பில் எழுத்து இல்லை!

2007-ல் ஜனாதிபதிகள் வரிசை டாலர் வெளிவந்தது. முதல் நாணயம் ஜார்ஜ் வாஷிங்டன். ஆண்டும் வாசகங்களும் விளிம்பில் இருக்கும். நாணயத்தை அடித்த பிறகு, வேறொரு எந்திரம் அந்த எழுத்துகளைப் பதிக்கும். ஆயிரக்கணக்கான நாணயங்கள் அந்த எந்திரத்துக்குப் போகாமலே வெளியே வந்து விட்டன. விளிம்பு வழுவழு!

உடனே சிலர் நல்ல நாணயத்தின் விளிம்பை அரத்தால் தேய்த்து விற்கத் தொடங்கினார்கள். ஆனால் தேய்த்தால் எடை குறையும், சுற்றளவும் சுருங்கும். சரியான டாலரின் எடை 8.1 கிராம். குறுக்களவு 26.5 மில்லிமீட்டர். தராசு பொய் சொல்லாது!

தலைப் பக்கத்தை மேலே வைத்துப் பார்க்கும் போது, சில நாணயங்களில் விளிம்பு எழுத்து தலைகீழாக இருக்கும். அது பிழை அல்ல. நாணயங்கள் எந்திரத்துக்குள் எந்தப் பக்கமாகவும் போவதால் ஏறத்தாழப் பாதி அப்படித்தான் வரும். "அபூர்வம்" என்று சொல்லி அதிக விலை கேட்டால் ஏமாறக் கூடாது.

வாங்குவதற்கு முன் மூன்று காரியங்கள் செய்ய வேண்டும். பூதக் கண்ணாடியில் கோடு மேடா, பள்ளமா என்று பார்க்க வேண்டும். தராசில் நிறுக்க வேண்டும். உண்மை நாணயத்தின் படத்தை அருகில் வைத்து ஒப்பிட வேண்டும். மூன்றும் ஒத்து வராமல் பணப்பையைத் திறக்கக் கூடாது.